அத்தியாயம் 7: வலை நிறைந்த பிறகு வரும் வசனங்கள்

வேதத்தை வாசித்தால் மனம் மாறும், வீடு நிறையும் என்று எல்லாச் சமயத்தாரும் சொல்கிறார்கள். பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் இந்த வாக்குறுதி சற்று அதிகமாகவே காதில் விழும். இங்கே மாதா கோயிலும் பள்ளிவாசலும் பெருமாள் கோயிலும் சில நூறு அடி இடைவெளியில் இருக்கின்றன. ஆசீர்வாதக் கூட்டத் துண்டறிக்கையும் பரிகார பூஜை அறிவிப்பும் ஒரே மின்கம்பத்தில் ஒட்டப்பட்டிருக்கும். மனம் மாறுவது, வீடு நிறைவது என்ற இரண்டும் வேத வாசிப்பில் உண்மையிலேயே ஒன்றையொன்று தொடுகின்றனவா என்பதை இந்த அத்தியாயம் பார்க்கிறது. உங்கள் வீட்டில் எந்த வேதம் இருக்கிறதோ அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சமயத்து நூல்களிலிருந்தும் பெரும்பாலும் மீனும் வலையும் வருகிற பகுதிகளைத்தான் எடுத்திருக்கிறேன். ஏரிக்காரர்கள் அவற்றை வெளியூர்ப் பிரசங்கியாரைவிட நன்றாக வாசிப்பார்கள்.

முதலில் ஏரியைப் பற்றிக் கொஞ்சம். திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கும் இது, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பரப்பு பெரிது, ஆழம் இல்லை. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆரணியாறும் காளங்கியாறும் நல்ல தண்ணீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புத் தண்ணீரை அனுப்புகிறது. மழை ஏமாற்றிவிட்டால் முகத்துவாரத்தில் மணல் தூர்ந்துவிடும். பிறகு கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது. எதிரே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளென்றால் கடலுக்குப் போக முடியாது. ஒரு வாரம் கூடை கொள்ளாமல் வரும், அடுத்த மூன்று வாரம் டீசல் காசுகூடத் தேறாது. மாதச் சம்பளக்காரர் நிறைவைப் பற்றிப் பேசுவதற்கும் இவர்கள் பேசுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இந்த நிச்சயமின்மைக்கு ஏரிக்காரர்கள் கண்ட வழி பாடு முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில், இறால் ஓடும் நல்ல இடங்களில் வலை கட்டும் உரிமையை ஊரே தலைக்கட்டுகளுக்கு முறை வைத்துப் பிரித்துத் தருகிறது. இன்று உன் முறை என்றால் நாளை அடுத்தவன் முறை. பணக்காரனுக்கு இரண்டு நாள், ஏழைக்கு ஒரு நாள் என்று கிடையாது. நல்ல மீன்பாடு ஒருவனிடமே தங்கிவிடாமல் சுற்றிவர வேண்டும் என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. மாதாகுப்பத்தார் கத்தோலிக்கர், மற்ற ஊர்களில் பெரும்பாலும் இந்துக்கள். சாமி வேறானாலும் முறை ஒன்றுதான். ஆக, வேதத்தைத் திறப்பதற்கு முன்பே நிறைவைப் பற்றி ஒரு கருத்து இந்த ஊர்களில் நடைமுறையில் இருக்கிறது. வாசிக்கும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார வேண்டாம்.

எங்கே நிறுத்துகிறோம்

இந்த நூலில் நான் சொல்கிற முறைகளில் எளியதும் பலன் மிகுந்ததும் ஒன்றுதான். வாக்குறுதி இனிக்கிற இடத்தில் வாசிப்பை நிறுத்தாதீர்கள். கதை முடிகிறவரை போங்கள். வேதத்தை வைத்துச் செல்வம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இல்லாததைச் சொல்வதில்லை. இருப்பதைச் சொல்லி, நடுவில் நிறுத்திவிடுகிறார்கள்.

லூக்கா நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தை எடுங்கள். கெனேசரேத்து ஏரிக்கரை. விடிந்த நேரம், மீனவர்கள் வலையை அலசிக்கொண்டிருக்கிறார்கள். இதன் பொருளைப் பட்டணத்து வாசகருக்கு விளக்கவேண்டும். நம் ஊரில் பள்ளிக்கூடப் பையன் சொல்லிவிடுவான்: வலை அலசியாயிற்று என்றால் தொழில் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். ராத்திரி முழுக்க உழைத்து ஒன்றும் கிடைக்காதவன், அலசி முடித்த வலையை மறுபடி இறக்க வேண்டும் என்று ஒரு தச்சர் மகன் சொல்கிறார். அந்த மீனவன் பேதுரு முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறான். இங்கே விசுவாசம் என்பது கண்ணை மூடிக் கையை உயர்த்துவதாக இல்லை. ஒருமுறை அலசிய வலையை இன்னொரு முறை அலசத் தயாராவதாக இருக்கிறது.

6-ஆம் வசனத்தில் வலை கிழியும் அளவுக்கு மீன். பல பிரசங்கங்கள் இங்கே முடிந்து, காணிக்கைப் பை சுற்ற ஆரம்பிக்கும். நீங்கள் மேலே வாசியுங்கள். 7-ஆம் வசனத்தில் பேதுரு செய்கிற முதல் காரியம் மற்றப் படகில் இருக்கும் கூட்டாளிகளைச் சைகை காட்டிக் கூப்பிடுவது. இரண்டு படகும் அமிழும் அளவுக்கு நிறைகின்றன. மிகுதியே ஆபத்தாகிவிடுகிற கணம் அது. 8-ஆம் வசனத்தில் அவன் மீன்களுக்கு நடுவே முழந்தாளிட்டு, தன்னைவிட்டுப் போய்விடும்படி அந்தத் தச்சர் மகனிடம் கெஞ்சுகிறான். தான் பாவி என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றுகிறது. வெறும் வலையோடு வந்தபோது தோன்றவில்லை. ஏன்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்காரலாம். நல்ல மீன்பாடு வந்த நாளில் நம் வீட்டில் என்ன நடக்கிறது, யாரிடம் குரல் உயர்கிறது, எந்தக் கடை வாசலில் பணம் கரைகிறது என்று பேச்சு தானாக வந்துவிடும்.

11-ஆம் வசனத்தில் எல்லாவற்றையும் கரையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். வாழ்நாளிலேயே பெரிய மீன்பாட்டை! அந்த மீன் என்னவாயிற்று என்று லூக்கா சொல்லவில்லை. கூட்டாளிகளான யாக்கோபு, யோவானின் தகப்பன் செபதேயுவிடம் கூலியாட்கள் இருந்தார்கள் என்று மாற்கு 1:20-இல் இருக்கிறது. அவர்கள் பங்குக்குப் போயிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதில் தவறில்லை.

இதே முறையை ஆதியாகமத்தில் யோசேப்பின் கதைக்கும் பயன்படுத்துங்கள். (கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் தொடக்கநூல் என்று தேடுங்கள்.) 41-ஆம் அதிகாரத்தில், விளைச்சல் நிறைந்த ஏழு வருடமும் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்கச் சொல்கிறார் யோசேப்பு. சேமிப்புக் குழுக் கூட்டங்களில் எடுத்துச் சொல்லத் தோதான பகுதி. எல்லோரும் இங்கே நிறுத்துவார்கள். 47-ஆம் அதிகாரம் 13 முதல் 26 வரை போய்ப் பாருங்கள். பஞ்சம் வந்தபோது அதே யோசேப்பு அதே தானியத்தை ஜனங்களுக்கு விற்கிறார். முதலில் பணம் போகிறது, பிறகு ஆடு மாடு, பிறகு நிலம், கடைசியில் அவர்களே பார்வோனுக்கு அடிமைகள். சேமித்த கை கடன்காரன் கழுத்தைப் பிடிக்கும் கையாக மாறுகிறது. முன்பணம் வாங்கிவிட்டு, அந்த வியாபாரிக்கே அவன் சொல்கிற விலைக்கு இறாலைப் போடுகிறவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்கத் தேவையில்லை. வேதம் இதைப் பாராட்டுகிறதா, வெறுமனே பதிவு செய்கிறதா என்பது வாசிப்பவர்கள் விவாதிக்க வேண்டியது. என் கருத்தைக் கேட்டால், அடுத்த புத்தகத்தில் அடிமைத்தனமே பெரிய பிரச்சினையாக வருவது தற்செயலாகத் தெரியவில்லை.

முறை இல்லாத நாளில் மேலே வரும் மீன்

திருக்குர்ஆனின் 7-ஆம் அத்தியாயம் அல் அஃராஃப், 163 முதல் 166 வரையுள்ள வசனங்கள். கடலோரத்து ஊர் ஒன்று. ஓய்வுநாளில் மீன் பிடிக்கக்கூடாது என்பது அவர்களுக்குக் கட்டளை. அந்த நாளில் மட்டும் மீன்கள் தண்ணீருக்கு மேலே தெரிகிறபடி கூட்டமாக வரும்; மற்ற நாட்களில் வராது. அது சோதனை என்கிறது வசனம். சிலர் மீறினார்கள். முந்தின நாளே வலையை விரித்துவைத்து, ஓய்வுநாள் கழித்து எடுத்துக்கொண்டார்கள் என்று விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். பிடிக்கவில்லையே, எடுத்தோம் அவ்வளவுதானே என்ற வாதம் அதில் ஒளிந்திருக்கிறது.

பாடு முறையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை எந்த நாட்டில் நடந்தது என்ற கேள்வியே எழாது. அடுத்தவன் முறை வந்த நாளில்தான் இறால் ஓடும். நம் முறை வருகிற நாளில் தண்ணீர் கலங்கிக் கிடக்கும். இருட்டில் ஒரு வலையைச் சற்றுத் தள்ளிப் போட்டுவைத்தால் யாருக்குத் தெரியும்?

இங்கேயும் மீறியவர்களுக்குக் கிடைத்த தண்டனையோடு கதையை முடித்துவிடுகிறவர்கள் அதிகம். வசனங்களை நிதானமாக வாசித்தால் அந்த ஊரில் மூன்று கூட்டத்தார் தெரிவார்கள். மீறியவர்கள், கண்டித்தவர்கள், கண்டித்தவர்களைப் பார்த்து இவர்களிடம் போய் ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டவர்கள். தீமையைத் தடுத்தவர்களைக் காப்பாற்றினோம் என்றும், அநியாயம் செய்தவர்களைப் பிடித்தோம் என்றும் வசனம் சொல்கிறது. நடுவில் நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்பது பேசப்படவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து பழகியவர்கள் இந்த மௌனத்தைக் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்ளவேண்டும். நம்மில் பலர் அந்த நடுக் கூட்டம்தான்.

வெள்ளிக்கிழமைகளில் 18-ஆம் அத்தியாயமான அல் கஹ்ஃபை ஓதும் வழக்கமுள்ள வீடுகள், அதிலுள்ள படகுக் கதையையும் தமிழில் வாசித்துப் பார்க்கலாம். கடலில் பிழைக்கும் ஏழைகளின் நல்ல படகை, மூஸா நபியோடு பயணம் போகும் பெரியவர் வேண்டுமென்றே சேதப்படுத்துகிறார். பின்னால் ஓர் அரசன் பழுதில்லாத படகுகளையெல்லாம் பறித்துக்கொண்டு வருகிறான் என்பது 79-ஆம் வசனத்தில்தான் தெரிகிறது. 71-இல் நிறுத்தியவனுக்கு அவர் அக்கிரமக்காரர். 79 வரை போனவனுக்குப் பாதுகாவலர். அப்துல் ஹமீது பாகவியின் தமிழாக்கம் எளிதாகக் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டால் போதும்.

ஒரே ஒரு மீன்

சைவர்களுக்கு அதிபத்த நாயனார் இருக்கிறார். சேக்கிழாரின் பெரியபுராணம் பாடுகிற அறுபத்துமூவரில் ஒருவர். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவர். பிடிபடும் மீனில் சிறந்த ஒன்றைத் தினமும் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். செய்யுளில் வாசிக்கச் சிரமமானவர்கள் ஆறுமுக நாவலர் எழுதிய பெரியபுராண வசனத்தில் வாசிக்கலாம். நாகையில் ஆவணி ஆயில்யத்தன்று பொன்மீனைக் கடலில் விடும் விழா இன்றும் நடக்கிறது.

கதை தெரிந்ததுதான். மீன்வளம் சுருங்குகிறது. ஒரு நாளைக்கு ஒரே மீன் விழுகிறது. அதையும் விட்டுவிடுகிறார். செல்வம் போய், சுற்றத்தார் பசியில் வாடுகிறார்கள். கடைசியில் ஒருநாள் பொன்னும் மணியுமாக ஒரு மீன் வலையில் வருகிறது. அன்றைக்கு அதுதான் ஒன்று. அதையும் விடுகிறார். சிவன் காட்சி கொடுக்கிறார்.

சொல்பவர்கள் எல்லோரும் பொன்மீனுக்கு ஓடிவிடுவார்கள். விழாவும் அதற்குத்தான். இந்தக் கதையில் மட்டும் என் ஆலோசனை தலைகீழ்: முடிவை நோக்கி ஓடாமல் முன்னால் திரும்பிப் போங்கள். சாதாரண மீன் ஒன்றை, வீட்டில் அடுப்பு எரியாத நாளில், யாரும் பார்க்காத நடுக்கடலில் விட்ட நாட்களை வாசியுங்கள். அந்த நாட்கள் இல்லாமல் பொன்மீனை விட்ட நாள் இல்லை. உள்ளே நடக்கிற மாற்றம் என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, அது இந்தக் கதையில் அதிசயத்தன்று நடக்கவில்லை. அதற்கு முன்னால், பெயர் தெரியாத கிழமைகளில் நடந்து முடிந்துவிட்டது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அதிபத்தர் தன் மீனைத் தானே விட்டார். அவர் வாசலில் வந்து எவரும் அதைக் கேட்டு வாங்கவில்லை. பசித்த வீட்டிடம் உன் ஒரே மீனைக் கொடு, பொன்மீன் வரும் என்று சொல்கிறவர் சேக்கிழாரை வாசிக்காதவர்.

கோட்டைக்குள் ஒரு வாசகர்

அடுத்த சமயத்து நூலை வாசிக்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். பழவேற்காட்டில் அந்த வேலை ஏறக்குறைய 400 வருடங்களுக்கு முன்பே நடந்திருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அந்தக் கோட்டையின் போதகராக 1632 முதல் 1642 வரை இருந்தவர் ஆபிரகாம் ரொகேரியஸ். பத்மநாபன் என்ற பிராமணரோடு போர்த்துகீசிய மொழியில் உரையாடி, இந்துக்களின் நம்பிக்கைகளையும் வழிபாட்டையும் எழுதிவைத்தார். பர்த்ருஹரியின் நீதி சதகமும் வைராக்கிய சதகமும் பத்மநாபனின் வாய்வழியாக ஐரோப்பிய மொழிக்குப் போன முதல் தடம் அதுதான். ரொகேரியஸ் 1649-இல் இறந்தார். புத்தகம் 1651-இல் லெய்டனில் அச்சாகி, பிறகு ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் வந்தது. செல்வம் நிலையாது, ஆசை அடங்காது என்று பேசுகிற அந்த நூல்களை ஐரோப்பா முதலில் கேட்டது இந்த ஏரிக்கரைக் குரலில். சமஸ்கிருதம் தெரியாத ஒரு பாதிரியாரும் டச்சு தெரியாத ஒரு பிராமணரும் மூன்றாவது மொழியில் உட்கார்ந்து பேசிப் பேசி இதைச் செய்திருக்கிறார்கள். உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்தச் சிரமம் இல்லை. இரண்டு பேருக்கும் தமிழ் தெரியும்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நானே என் விதியை மீறியவனாவேன். அதே நூற்றாண்டில் இதே துறையிலிருந்து டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு அனுப்பியது. பஞ்சத்திலும் போரிலும் சிக்கி விற்கப்பட்டவர்கள். கோட்டைக்குள் வேத வாசிப்பு தவறாமல் நடந்திருக்கும்; ஞாயிறு ஆராதனையும் நடந்திருக்கும். வாசிப்பு தானாக யாரையும் மாற்றிவிடாது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் தேட வேண்டியதில்லை.

விவிலியத்தில் அபகூக்கு என்ற சிறிய புத்தகம் இருக்கிறது, மூன்றே அதிகாரம். அதில் 1:14 முதல் 17 வரை வாசியுங்கள். மனிதர்கள் ஆள்பவரில்லாத மீன்களைப் போல ஆகிவிட்டார்கள் என்று தீர்க்கதரிசி கடவுளிடம் முறையிடுகிறார். வல்லவன் தூண்டிலாலும் வலையாலும் அவர்களை வாரிக்கொள்கிறான். கொழுத்த பங்கு வலையால் வந்தது என்பதால் வலைக்கே பலியிட்டுத் தூபம் காட்டுகிறான். வலைக்குச் சூடம் கொளுத்தித் தொழிலுக்குப் போகிற மீனவரை இந்த வசனத்தால் அடிக்க வருகிறவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. பேச்சு பாபிலோன் பேரரசைப் பற்றியது. ஜனங்களை மீனாக நினைக்கிற அதிகாரத்தைப் பற்றியது. கோட்டையின் கணக்குப் புத்தகத்துக்கு இது பொருந்தும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து மனுக் கொடுத்து வருகிற இன்றைய குப்பத்துக்காரர்கள் இதை எப்படி வாசிப்பார்கள் என்பதை அவர்களிடமே விட்டுவிடலாம்.

கூடி வாசிக்கும்போது

தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியக் கூட்டம் பழகிப்போன ஒன்று. பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி வாசிப்பார்கள். 1515-இல் போர்த்துகீசியரால் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் மகிமை மாதா திருத்தலம் இங்கே இருப்பதால், பழவேற்காட்டுக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தரவேண்டியதில்லை. அன்பியங்களில் பயன்படுத்தும் ஏழு படி முறை, தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவானது. சபைக் குருக்கள் போதாத கிராமங்களில் மக்களே வாசித்துக்கொள்ள வகுத்தது. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனத்தில் தைத்த சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது, மௌனமாக இருப்பது, பகிர்வது, செய்யவேண்டியதைத் தீர்மானிப்பது, செபிப்பது. மற்றச் சமயத்தாரும் அழைப்பையும் செபத்தையும் தங்கள் வழியில் மாற்றிக்கொண்டு இதைப் பயன்படுத்தலாம்.

ஏழில் இரண்டு படிகள்தான் எப்போதும் சரிகின்றன. ஒன்று மௌனம். மூன்று நிமிடம் யாரும் பேசாமல் இருப்பது நம்மவர்களுக்குக் கடினம். யாராவது தொண்டையைச் செருமிப் பாட்டெடுத்துவிடுவார்கள். கூட்டத்தை நடத்துகிறவர் அதைத் தடுத்தே ஆகவேண்டும். இன்னொன்று செய்யவேண்டியதைத் தீர்மானிக்கும் ஆறாவது படி. நன்றாயிருந்தது என்று சொல்லிக் காப்பி குடித்துக் கலைந்துவிடுகிறோம். அடுத்த கூட்டத்துக்குள் யார், என்ன செய்வார் என்று பெயரோடு சொல்லாமல் கலையக்கூடாது. போன வாரம் சொன்னது நடந்ததா என்று கேட்டுத்தான் அடுத்த கூட்டம் தொடங்கவேண்டும்.

நேரம் முக்கியம். ஆண்கள் வலை பின்னி முடிக்கிற நேரமும் பெண்கள் சந்தையிலிருந்து திரும்புகிற நேரமும் ஒன்றல்ல. கூடையோடு விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் இரவு ஒன்பது மணிக் கூட்டத்துக்கு வந்து தூங்கி விழுவார்கள். அவர்களைப் பக்திக் குறைவு என்று சொல்வது அநியாயம். பெண்களுக்கு எந்த நேரம் தோது என்று கேட்டு அதையே ஊர் நேரமாக வையுங்கள். எழுத்து வாசிக்காத பெரியவர்கள் இருந்தால் பிள்ளைகள் உரக்க வாசிக்கட்டும், இரண்டு முறை. வெவ்வேறு மொழிபெயர்ப்புகள் இருந்தால் இரண்டையும் வாசிக்கலாம். எது சரி என்ற சண்டையை மட்டும் அங்கே நடத்தவேண்டாம்.

அடுத்து, யாரை அழைப்பது. பாடு முறை தலைக்கட்டுகளுக்குள் நியாயமானது. ஆனால் அதற்கு வெளியே ஆட்கள் இருக்கிறார்கள். ஆழமில்லாத இடத்தில் கையால் தடவித் தடவி இறால் எடுக்கும் இருளர்களுக்கு அந்த முறையில் இடமில்லை. முறைக்குள் வராத சாதியாருக்கும் ஊர்களுக்கும் பாடுகாரர்களுக்கும் நடுவே தகராறுகள் நடந்திருக்கின்றன. லேவியர் 19:9-10 நிலத்தை அறுக்கும்போது ஓரத்தை முழுக்க அறுக்காமல் ஏழைக்கும் அயலானுக்கும் விடச் சொல்கிறது. ரூத்தின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில், அப்படி விடப்பட்ட கதிரைப் பொறுக்கித்தான் ஓர் அயல்நாட்டு விதவை மாமியாரைக் காப்பாற்றுகிறாள். ஏரிக்கு ஓரம் எது? எவ்வளவு தண்ணீர், எந்த மாதம்? இது மனத்துக்குள் உருகி முடிகிற கேள்வி அல்ல, பஞ்சாயத்தில் வைத்துத் தீர்மானம் போடவேண்டியது. இதைத் தொடாமல் போகிற வாசிப்புக் குழு எத்தனை வருடம் நடந்தாலும் என் மதிப்பில் பஜனைக் குழுதான்.

கணக்கு நோட்டு

வேதத்துக்குப் பக்கத்தில் வீட்டுக் கணக்கு நோட்டையும் வையுங்கள். இது பலருக்கு ஒருமாதிரி இருக்கும். சாமி புத்தகத்தோடு கடன் புத்தகமா என்பார்கள். நிறைவைப் பற்றிப் பேசிக்கொண்டு கணக்கைப் பார்க்காமல் இருப்பதுதான் விசித்திரம். அன்றைய மீன்பாடு, ஐஸ், டீசல், வியாபாரி முன்பணத்தில் கழித்தது, வட்டி, வீட்டுக்கு வந்தது என்று வரி போடுங்கள். அதற்கு எதிரே, அந்த வாரம் வாசித்த பகுதி உங்களைத் தொட்டிருந்தால் ஒரே வரி எழுதுங்கள். யாருக்குச் சைகை காட்டினேன், யார் முறையில் கை வைத்தேன், எந்த மீனை விட்டேன். தொடவில்லையென்றால் காலியாக விடுங்கள். எழுதவேண்டுமே என்று எழுதுவதில் ஒன்றுமில்லை.

பருவம் ஒன்று முடிந்ததும் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். நல்ல மீன்பாடு வந்த வாரங்களில்தான் வலது பக்கம் காலியாக இருக்கிறது என்று தெரிந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் இருக்கும். யோசேப்பின் ஐந்தில் ஒரு பங்கை முயல நினைப்பவர்கள் மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்திலிருந்து தொடங்கலாம். மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் அரசுகள் 3,000 சேர்த்து, தொழில் இல்லாத மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கவேண்டும். பெண்களுக்கும் தனித் திட்டம் உண்டு. சேமிப்பு வளர்ந்து, அதிலிருந்து கடன் கொடுக்கிற நிலை வந்தால், கொடுக்கும் முன் 47-ஆம் அதிகாரத்தை ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டு வட்டியைத் தீர்மானியுங்கள்.

கூட்டத்தில் காணிக்கை வசூலிக்கவேண்டாம். விதைப் பணம், நேர்ச்சை, பரிகாரக் கட்டணம், வெளியூர்ப் பேச்சாளருக்கு வழிச்செலவு என்று எந்தப் பெயரிலும் வேண்டாம். டீத்தூளும் சர்க்கரையும் வீட்டுக்காரர் பொறுப்பு. அடுத்த வாரம் அடுத்த வீடு. யாராவது வந்து, கொடுத்தால்தான் கிடைக்கும் என்று வசனம் காட்டினால், அந்த வசனத்துக்கு அடுத்த பத்து வசனங்களை அவரையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.